சியால்தாவுக்கு அடியில் ஒரு காடு

கொல்கத்தாவின் நிலத்தடியில் பாறை இல்லை, புதைந்த மரங்கள் இருக்கின்றன. நகரம் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே அமிழ்கிறது, எந்த நீரைக் குடிக்கிறது என்பதை அந்த மண் அடுக்குகளே தீர்மானிக்கின்றன.

காலை எட்டரை மணி. கேனிங்கிலிருந்தும் டயமண்ட் ஹார்பரிலிருந்தும் வந்த லோக்கல் ரயில்கள் சியால்தாவில் கூட்டத்தைக் கொட்டுகின்றன. மீன் கூடை, காய்கறி மூட்டை, டிபன் பை, குடை. யாருக்கும் நிற்க நேரமில்லை. நின்றால் பின்னால் வருபவர் தள்ளிக்கொண்டு போய்விடுவார். இந்த அவசரத்தில் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

கீழே ஒரு காடு இருக்கிறது.

1860களில் சியால்தா பகுதியில் ஒரு குளம் வெட்டினார்கள். சுமார் முப்பதடி ஆழம் போனபோது, மக்கிக் கறுத்த மண்ணுக்குள் மரங்களின் அடிப்பகுதிகள் தென்பட்டன. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கட்டைகள் என்றால் படுத்துக் கிடந்திருக்கும். இவை வேர் பரப்பி நேராக நின்றன. முளைத்த இடத்திலேயே மண்ணால் மூடப்பட்டவை என்பது பார்த்தவுடனே விளங்கியது. நிலவியல் அறிஞர் ஹென்றி பிளான்ஃபோர்டு இதை ஆராய்ந்து 1864இல் ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். மரங்கள் சுந்தரி வகையைச் சேர்ந்தவை. சுந்தரவனத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அதே மரம்.

இன்று சுந்தரி மரத்தைப் பார்க்க வேண்டுமானால் சியால்தாவில் ரயிலேறி, கேனிங்கில் இறங்கி, மேலும் தெற்கே சாலையிலும் படகிலுமாகப் பல மணி நேரம் போக வேண்டும். போனாலும் இந்தியப் பகுதியில் அது அரிதாகத்தான் கண்ணில் படும். சுந்தரிக்கு உப்பு மட்டும் போதாது, நல்ல நீரும் கலந்து வர வேண்டும். மேற்கு வங்கத்து ஆறுகளில் நன்னீர் வரத்து குறைந்துவிட்டதால் மரம் கிழக்கே, வங்கதேசத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டது. சியால்தாவின் அடியில் அது அடர்ந்து நின்றது என்றால், ஒரு காலத்தில் அங்கே ஓதநீரும் ஆற்றுநீரும் கலந்து புரண்டிருக்கின்றன என்று பொருள்.

பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அலையாத்தி மரங்களின் வழக்கம் தெரிந்திருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேர்கள் மூச்சு வாங்கச் சேற்றுக்கு மேலே தலை நீட்டும். சுந்தரியும் அப்படித்தான். பலகை போல விரிந்த அடிமரமும், தரையிலிருந்து கூம்பு கூம்பாக எழும் மூச்சுவேர்களும் அதன் அடையாளம். வழக்கமான ஓதம் எட்டும் மட்டத்துக்குச் சற்று மேலே, பெரிய ஓதங்களில் மட்டும் நனையும் தரையில் அது வளரும்.

பிளான்ஃபோர்டு காலத்து நிலவியலாளர்களை வியப்பில் ஆழ்த்தியது இந்த இடம்தான். கொல்கத்தா கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். தரையிலிருந்து முப்பதடி கீழே என்றால் அது கடல் மட்டத்துக்கும் கீழே. ஓதத்துக்கு மேலே வளர வேண்டிய மரத்தின் வேர் அங்கே எப்படிப் போயிற்று? தரை அமிழ்ந்திருக்க வேண்டும், அல்லது கடல் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்தன என்பதே இன்றைய முடிவு. இதே கரிய அடுக்கு தென்கிழக்கே கேனிங்கிலும், கிழக்கே இப்போது வங்கதேசத்தில் இருக்கும் குல்னாவிலும் கிடைத்தது. புதைந்தது ஒரு தோப்பு அல்ல, ஒரு பிரதேசம்.

கோட்டைக்குள் ஒரு துளை

சியால்தா குளத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்த மண்ணை ஒருமுறை ஆழமாகத் துளைத்துப் பார்த்திருந்தார்கள். நோக்கம் அறிவியல் மட்டும் அல்ல, குடிநீர். வில்லியம் கோட்டை வளாகத்தில் 1835 டிசம்பரில் தொடங்கிய துளையிடல் 1840 வரை நடந்தது. 481 அடி இறங்கினார்கள். நல்ல நீர் ஊற்று கிடைக்கவில்லை. பாறையும் தட்டுப்படவில்லை. ஆனால் கீழிருந்து வந்த மண், வங்காளம் உருவான கதையைச் சொன்னது.

மேலே பத்தடி சாதாரண மண். அதன் கீழே பிசுபிசுப்பான நீலக் களிமண். சுமார் முப்பதடியில் 'பீட்' எனப்படும் மக்கிய கரிமண் அடுக்கு. அதற்கும் கீழே களியும் மணலும் மாறி மாறி, இடையே சுக்கான்கல் உருண்டைகள். 350 அடிக்குக் கீழே விலங்கின் எலும்புத் துண்டு, ஆமையோட்டின் சில்லு. 380 அடியைத் தாண்டி மக்கிய மரத்துண்டுகளும் நிலக்கரித் துணுக்குகளும். கடைசியில் கூழாங்கல் கலந்த மணல். இவ்வளவு ஆழத்திலும் கடல்வாழ் உயிர்களின் சுவடு இல்லை. 481 அடியும் ஆறு கொண்டுவந்து போட்டது.

ஆறு போடப்போட, தரை கனம் தாங்காமல் அமிழ்ந்தது. அமிழ்ந்த பள்ளத்தில் ஆறு மேலும் போட்டது. இடையிடையே மேற்பரப்பு சிறிது காலம் நிலைத்த போதெல்லாம் காடு முளைத்தது. பிறகு அதுவும் மூடப்பட்டது. கொல்கத்தாவின் மேல் அடுக்குகளில் கிடைக்கும் கரிமண், சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்புவரை உருவானது என்று கார்பன் காலக்கணிப்புகள் காட்டுகின்றன. பனியுகம் முடிந்து உயர்ந்த கடல், உள்நாட்டுக்குள் வந்து நின்ற காலம் அது.

தஞ்சை வண்டலில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளம் வந்து போனால் வயல் ஒரு விரற்கடை உயரும். கொல்கத்தாவில் அது பல ஆயிரம் ஆண்டுகள் நடந்திருக்கிறது.

பொறியாளர்களின் பாடம்

கொல்கத்தாவில் அஸ்திவாரம் போடும் பொறியாளர்கள் மண்ணை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, நகரின் பெரும்பகுதியில் இருக்கும் 'வழக்கமான கொல்கத்தா படிவு'. மற்றது, பழைய ஆற்றுத் தடங்களில் இருக்கும் 'ஆற்றுக்கால் படிவு'.

வழக்கமான படிவில் முதல் சில மீட்டர் பழுப்புநிறக் களிமண். வெயிலில் காய்ந்து காய்ந்து ஓரளவு இறுகிப்போனது. இரண்டு மூன்று மாடி வீடுகளை இந்த மேலோடுதான் தாங்குகிறது. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்வரை சாம்பல் நிறத்தில் மிருதுவான சேறு. மக்கிய மரமும் இலையும் கலந்தது இந்த அடுக்கில்தான். பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே கனம் ஏற்றினால் நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, மண் சுருங்கும். ஒரே நாளில் சுருங்கினால் கட்டியவருக்குத் தெரிந்துவிடும். இது வருடக்கணக்கில் சுருங்குவதால், வீட்டை வாங்கியவருக்குத்தான் தெரியவரும். அதற்கும் கீழே சுக்கான்கல் கலந்த நீலக் களி, விறைப்பானது. உயரமான கட்டடங்களின் தூண்கள் காட்டின் அடுக்கைத் தாண்டி இங்கே போய் ஊன்றிக்கொள்ள வேண்டும். சுமார் முப்பது, நாற்பது மீட்டருக்குக் கீழே நீர் நிறைந்த மணல்.

ஆற்றுக்கால் படிவு வேறு விதம். காளிகாட் கோயிலை ஒட்டிச் சாக்கடை போல ஓடும் ஆதி கங்கைதான் ஒரு காலத்தில் பெரிய ஆறு. 1770களில் கர்னல் வில்லியம் டோலி அதை வெட்டி ஆழப்படுத்தியதால் 'டோலி நாலா' என்று பெயர் வந்தது. அந்தத் தடத்தில் களிமண்ணுக்குப் பதிலாக மணலும் நுண்வண்டலும் ஆழம்வரை இறங்குகின்றன. ஒரே தெருவில் ஒரு வீடு களிமேலும் அடுத்த வீடு மணல்மேலும் நிற்கலாம்.

இந்த மண்ணின் குணத்தை ஹௌரா பாலம் கட்டியவர்கள் நேரிலேயே கண்டார்கள். பாலத்தின் கோபுரங்களைத் தாங்க, பெட்டி போன்ற பிரம்மாண்டமான அஸ்திவாரங்களைக் கரையில் இறக்கினார்கள். கொல்கத்தா பக்கத்தில் அது 31 மீட்டருக்கு மேல் இறங்கியது. வேலை நடந்த ஓர் இரவில் கீழிருந்த மண் திடீரென விட்டுக்கொடுக்க, மொத்த அஸ்திவாரமும் இரண்டடி தடாலென இறங்கியது. கிதிர்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதை பூகம்பம் என்றே பதிவுசெய்தது. கரையிலிருந்த ஒரு கோயில் இடிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. பாலம் 1943இல் திறக்கப்பட்டது.

மெட்ரோவும் பௌபஜாரும்

நாட்டின் முதல் நிலத்தடி ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்கு ஓடியது. வழித்தடத்தின் பெரும்பகுதியில் தெருவைப் பிளந்து, இருபக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, பெட்டி போல் கட்டி மூடினார்கள். தோண்டிய இடங்களில் கரிமண் வெளிப்பட்டது. கொல்கத்தாவின் பழைய காடுகளைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் ஒரு பகுதி, இப்படிப்பட்ட அகழ்வுகளில் கிடைத்த மண்ணிலிருந்தும் மகரந்தத் துகள்களிலிருந்தும் வந்தது. நகரவாசிகளுக்கு அந்த வருடங்களின் நினைவு சேறும் பள்ளமும் மட்டும்தான்.

கிழக்கு மேற்குப் பாதைக்கு இயந்திரம் வைத்துக் குடைந்தார்கள். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுமார் 520 மீட்டர் சுரங்கம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தது. எல்லாரும் பயந்தது ஆற்றைப் பார்த்து. அடி விழுந்தது தெருவில். 2019 ஆகஸ்ட் 31 இரவு, பழைய வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் பௌபஜாருக்கு அடியில் இயந்திரம் ஒரு நீர்த்தேக்க அடுக்கைத் தொட்டுவிட்டது. நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. நீரோடு நுண்மண்ணும் வந்தது. மேலே தரை இறங்கியது. சுவர்கள் பிளந்தன, சில வீடுகள் இடிந்து விழுந்தன. துர்கா பிதூரி சந்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் கட்டிய துணியோடு ஓட்டல்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நகைப் பட்டறைகள் மூடிக்கிடந்தன. 2022 மே மாதமும் அக்டோபரிலும் அதே வட்டாரத்தில் மீண்டும் வீடுகள் விரிசல் கண்டன. இடைவெளியாக நின்ற எஸ்பிளனேடு - சியால்தா பகுதி 2025 ஆகஸ்ட் 22 அன்றுதான் திறக்கப்பட்டது.

இப்போது சியால்தாவில் நகரும் படிக்கட்டில் இறங்குகிறவர்கள், பிளான்ஃபோர்டு எழுதிய மரங்கள் நின்ற ஆழத்தைச் சில நொடிகளில் கடந்து போகிறார்கள்.

மரம் கலந்த நீர்

புதைந்த காட்டின் பாதிப்பு கட்டடங்களோடு நிற்கவில்லை. 1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கையில் தடிப்பும் உடலில் கரும்புள்ளியும் கண்டு, காரணம் குடிநீரில் உள்ள ஆர்சனிக் என்று கண்டறிந்தார். அடுத்த ஆண்டுகளில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகப் போய்க் குழாய்க்கிணறுகளின் நீரைச் சோதித்தார். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைப் பல மடங்கு தாண்டிய கிணறுகள் ஆயிரக்கணக்கில் தெரியவந்தன. கொல்கத்தாவின் தெற்குப் பகுதிகளிலும் சில கிணறுகளில் ஆர்சனிக் காணப்பட்டது.

இந்த ஆர்சனிக்கை யாரும் கொட்டவில்லை. இமயமலையிலிருந்து வந்த வண்டலில், மண் துகள்களைப் போர்த்தியிருக்கும் இரும்புத் துருவோடு அது ஒட்டிக்கொண்டே வந்தது. துரு இருக்கும்வரை ஆபத்தில்லை. ஆனால் மண்ணுக்குள் மக்கும் பொருளும் நுண்ணுயிரும் சேர்ந்து பிராணவாயுவைத் தீர்த்துவிட்டால், துரு கரைகிறது, ஆர்சனிக் நீரில் கலக்கிறது. அந்த மக்கும் பொருள் புதைந்த காடுகளின் கரிமண்தான் என்று 2001இல் லண்டனைச் சேர்ந்த ஜான் மெக்ஆர்தரும் சகாக்களும் விளக்கம் சொன்னார்கள். மக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் அறிஞர்களிடையே வாதம் தொடர்ந்தது. காற்றில்லாத மண்ணில்தான் இது நடக்கிறது என்பதில் வாதமில்லை.

மேடும் பள்ளமும்

கொல்கத்தா மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். வெள்ளம் கரையை மீறும்போது கனமான மண்ணை ஆற்றோரத்திலேயே போட்டுவிடும். அப்படி எழுந்த கரைமேட்டில்தான் பழைய யாத்திரைப் பாதை காளிகாட்டுக்குப் போயிற்று. சித்பூர் சாலை என்று பெயர் வாங்கிய அதுவே இன்றைய ரவீந்திர சரணி. அங்கிருந்து நிலம் கிழக்கே உப்பு ஏரிச் சதுப்புகளை நோக்கிச் சரிகிறது. அதனால் நகரின் சாக்கடை பக்கத்தில் இருக்கும் ஹூக்ளிக்குப் போவதில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே போகிறது.

கிழக்கே அதை வாங்கிக்கொண்ட வித்யாதரி ஆறு தூர்ந்துபோய், 1928இல் செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. பிறகு கழிவுநீர் கால்வாய்கள் வழியே குல்டி ஆற்றுக்குப் போனது. இடையில் மீனவர்கள் அதைத் தங்கள் 'பேரி'களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். ஆழமில்லாத குளங்களில் வெயிலும் பாசியும் கழிவைச் செரிக்க, ரோகுவும் கட்லாவும் கொழுத்தன. ஓரங்களில் கீரையும் காலிபிளவரும் விளைந்தன. கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு வழி தேடிப்போன அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ், சுத்திகரிப்பு அங்கே ஏற்கெனவே செலவில்லாமல் நடந்துகொண்டிருப்பதைக் கண்டார். வாழ்நாள் முழுவதும் அந்த ஈரநிலத்துக்காகவே வாதாடி 2018இல் மறைந்தார். 2002இல் 12,500 ஹெக்டேர் நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

சதுப்பின் இன்னொரு பகுதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1962 முதல் யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியின் அடிமண்ணைக் குழாய்கள் வழியே இறைத்து வந்து மீன்குளங்களை நிரப்பியது. அதன்மேல் எழுந்ததுதான் சால்ட் லேக் எனப்படும் பிதான்நகர். தமிழர்களுக்குப் பழக்கமான லேக் மார்க்கெட் வட்டாரத்தின் கதையும் தூரத்து உறவுதான். 1920களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சதுப்புக் காடாகக் கிடந்த நிலத்தை வாங்கி, அக்கம்பக்கத்துத் தாழ்நிலத்தை மேடாக்கி, ஏரியும் பூங்காவும் அமைத்தது. காலையில் அங்கே நடைபயிற்சிக்குப் போகும் மாமாக்களும் மாமிகளும் சுற்றிவரும் ரவீந்திர சரோவர் அதுதான்.

வங்காளத்தில் பழைய முறையும் ஏறத்தாழ இதுவே. வீடு கட்டுபவர் முதலில் 'புகுர்' வெட்டுவார். வெட்டிய மண்ணில் வீட்டு மனை உயரும், பள்ளத்தில் குளிக்கவும் மீன் வளர்க்கவும் நீர் நிற்கும். மழைநீருக்கும் போக்கிடம் கிடைக்கும். மேட்டுக்கு மண் கொடுத்த பள்ளத்தையும் கணக்கில் வைத்திருந்த முறை அது.

இன்றைய முறையில் பள்ளமும் மனையாகிவிடுகிறது. ஐந்து கட்டாவும் அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலையைத் தூர்க்கக்கூடாது என்று 1993இல் மாநில மீன்வளச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஆனால் இரவில் லாரி வரும். இடிந்த வீட்டுச் செங்கல், சாம்பல், குப்பை, பிளாஸ்டிக் எல்லாம் குளத்தில் இறங்கும். சில வருடத்தில் அங்கே நான்கு மாடி நிற்கும். 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் நள்ளிரவில் அக்கம்பக்கத்துக் குடிசைகள்மேல் சரிந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரியில் பாகா ஜதீனில் சாய்ந்திருந்த நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றைத் தூக்கி நிமிர்த்த முயன்றபோது அது மேலும் சாய்ந்து உட்கார்ந்தது. இரண்டு இடங்களும் தூர்த்த நீர்நிலைகள் என்ற புகார் எழுந்தது.

கொல்கத்தாவின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. டெல்டா அமிழ்வது புதிதல்ல, சுந்தரி மரங்களே சாட்சி. ஆனால் அன்று ஒவ்வொரு வெள்ளமும் புதிதாக மண் போட்டு இழப்பை ஈடுகட்டியது. இன்று ஆற்றுக்கும் நகருக்கும் நடுவே கரையும் சுவரும் நிற்கின்றன. வண்டல் தெருவுக்கு வரக்கூடாது, வரவும் வேண்டாம். ஆனால் அமிழ்வது நிற்கவில்லை. டயமண்ட் ஹார்பரில் 1948 முதல் 2005 வரையிலான பதிவுகளின்படி கடல் மட்டம் ஆண்டுக்கு 5.16 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சென்னையில் நீண்டகாலச் சராசரி 0.33 மில்லிமீட்டர்தான். இந்த வித்தியாசத்துக்குத் தரை இறங்குவதும் ஒரு காரணம் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

மண்ணோடு பழைய உறவு மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்று குமார்டுலி. உலுபேரியா பக்கத்திலிருந்து களிமண் வந்து இறங்குகிறது. வைக்கோல் கட்டிய உருவத்தின்மேல் முதலில் உமி கலந்த ஒட்டுக்களி. அது காய்ந்து வெடித்த பிறகு மணல்சார்ந்த மென்மண். எந்த மண் எதன்மேல் நிற்கும், எது காயும்போது எவ்வளவு சுருங்கும் என்பது அங்கே பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். வெடிப்பு வந்தால், அதன்மேல் வண்ணம் பூசி மறைக்க எந்தக் கைவினைஞரும் துணிவதில்லை. காயும்வரை காத்திருந்து, துணியை மண்குழம்பில் தோய்த்து விரிசலில் ஒட்டிய பிறகே அடுத்த பூச்சு.